எச்டிடிபிஎஸ் விதி போட்டதும் தளம் சுழலில் சிக்குவது ஏன், அதை எப்படி நிறுத்துவது?

கேட்கப்பட்டது இதுதான்: ஒரு சிறு கடையின் வேர்ட்பிரஸ் தளம். பகிர்வு ஹோஸ்டிங்கில் அப்பாச்சி சர்வர், அதற்கு முன்னால், வாசகர்களுக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் சேவை. எல்லோரும் எச்டிடிபிஎஸ் வழியாகவே வர வேண்டும் என்பதற்காக அப்பாச்சியின் அமைப்புக் கோப்பான ஹெச்டிஅக்சஸில், இணைப்பு பாதுகாப்பற்றதாக இருந்தால் எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்பிவிடும், பலரும் பரிந்துரைக்கும் மூன்று வரி விதியைச் சேர்த்தீர்கள். உடனே க்ரோம், "இந்தத் தளம் உங்களைப் பல முறை திருப்பிவிட்டது" என்று சொல்லி நின்றுவிட்டது. வரிகளை நீக்கினால் தளம் திறக்கிறது. ஆனால் பழைய எச்டிடிபி முகவரியில் வருபவர்கள் அதிலேயே தங்கிவிடுகிறார்கள். விதியில் என்ன பிழை?

விதியில் பிழை இல்லை. வாசகரின் உலாவி உங்கள் சர்வரோடு நேரடியாகப் பேசினால் அந்த மூன்று வரிகளும் சரியாக வேலை செய்திருக்கும். ஆனால் இங்கே உலாவி பேசுவது கிளவுட்ஃப்ளேரோடு. உங்கள் சர்வரோடு பேசுவது கிளவுட்ஃப்ளேர். ஆக இணைப்புகள் இரண்டு. "வந்த இணைப்பு பாதுகாப்பானதா?" என்று விதி கேட்பது இரண்டாவது இணைப்பைப் பற்றி, நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது முதலாவதைப் பற்றி. எச்டிடிபிஎஸ் சுழல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு இடைவெளியில்தான் பிறக்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால், வேறு சர்வர், வேறு மென்பொருள் என்று எங்கே போனாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் தளத்தில் நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கிளவுட்ஃப்ளேரின் எஸ்எஸ்எல் அமைப்பு "ஃப்ளெக்சிபிள்" நிலையில் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். அந்த நிலையில் உலாவிக்கும் கிளவுட்ஃப்ளேருக்கும் இடையே மறையாக்கம் உண்டு. கிளவுட்ஃப்ளேருக்கும் உங்கள் சர்வருக்கும் இடையே இல்லை. அது உங்கள் சர்வரின் 80ஆம் போர்ட்டுக்கு வெறும் எச்டிடிபியில் வருகிறது. வாசகர் எச்டிடிபிஎஸ் முகவரியையே தட்டச்சு செய்தாலும் அப்பாச்சியின் கண்ணுக்குத் தெரிவது 80ஆம் போர்ட் மட்டும்தான். "இது பாதுகாப்பற்ற இணைப்பு" என்று முடிவுசெய்து, "எச்டிடிபிஎஸ் முகவரிக்குப் போ" என்று 301 பதிலை அனுப்புகிறது. கிளவுட்ஃப்ளேர் அதை அப்படியே உலாவிக்குக் கொடுக்கிறது. உலாவி ஏற்கெனவே இருக்கும் அதே எச்டிடிபிஎஸ் முகவரியை மறுபடி கேட்கிறது. கிளவுட்ஃப்ளேர் மறுபடி 80ஆம் போர்ட்டுக்குப் போகிறது. அலுவலக வாசலில் ஒருவர் உறையைப் பிரித்துக் கடிதத்தை மட்டும் உள்ளே அனுப்ப, உள்ளே இருப்பவர் "உறையில் போட்டு அனுப்புங்கள்" என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புவதைப் போன்ற நிலை இது. இருவரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். க்ரோமும் ஃபயர்பாக்ஸும் 20 திருப்பங்கள் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிடுகின்றன.

கடை இப்போதே திறக்க வேண்டும் என்றால் வழி எளிது. ஹெச்டிஅக்சஸில் சேர்த்த வரிகளை நீக்கிவிடுங்கள். கிளவுட்ஃப்ளேரின் எட்ஜ் சான்றிதழ்கள் பக்கத்தில் "ஆல்வேஸ் யூஸ் எச்டிடிபிஎஸ்" என்ற பொத்தானை இயக்குங்கள். இனி எச்டிடிபியில் வருபவரைக் கிளவுட்ஃப்ளேரே திருப்பிவிடும். வாசகர் எந்த வழியில் வந்தார் என்பதை நேரில் பார்ப்பது அதுதான். அதனால் அது தவறாகத் திருப்பாது. சுழல் நின்றுவிடும்.

இதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். ஃப்ளெக்சிபிள் நிலையை நான் எந்தத் தளத்துக்கும், குறிப்பாகப் பணமும் முகவரியும் கைமாறும் தளத்துக்கு, பரிந்துரைக்க மாட்டேன். வாடிக்கையாளர் பூட்டுச் சின்னத்தைப் பார்த்து நம்பிக்கையோடு கடவுச்சொல்லைத் தருகிறார். அது பாதி தூரம் பூட்டோடும் மீதி தூரம் திறந்தபடியும் பயணிக்கிறது. அந்த மீதிப் பாதை அவருக்குத் தெரியாது. கடை நடத்துபவர் அவருக்குக் கொடுத்த வாக்கைப் பாதியில் விடுவது அது. சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் அதற்கு நியாயமும் இல்லை.

சரியான தீர்வு, "ஃபுல் ஸ்ட்ரிக்ட்" நிலைக்கு மாறுவது. இதில் கிளவுட்ஃப்ளேர் எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443ஆம் போர்ட் வழியாக உங்கள் சர்வருக்கு வரும், சான்றிதழையும் சரிபார்க்கும். அப்பாச்சிக்கு இணைப்பு உண்மையிலேயே எச்டிடிபிஎஸ்ஸாகத் தெரியும். நீங்கள் முதலில் எழுதிய அதே மூன்று வரிகள் எந்த மாற்றமும் இல்லாமல் வேலை செய்யும். வரிசை மாறாமல் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். முதலில் சர்வரில் சான்றிதழை நிறுவுங்கள். ஹோஸ்டிங் பலகையில், இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் வசதி இருந்தால் அது போதும். இல்லையென்றால் கிளவுட்ஃப்ளேரே "ஆரிஜின் சான்றிதழ்" ஒன்றை இலவசமாகத் தருகிறது. 15 ஆண்டுகள் வரை செல்லுபடியாகும். ஆனால் அதைக் கிளவுட்ஃப்ளேர் மட்டுமே நம்பும், உலாவிகள் நம்பா. நாளை கிளவுட்ஃப்ளேரை விலக்கினால் வாசகர்களுக்கு எச்சரிக்கைப் பக்கம் வரும் என்பதை நினைவில் வையுங்கள். சான்றிதழ் நின்ற பிறகே நிலையை மாற்றுங்கள். அவசரப்பட்டு முன்பே மாற்றினால் சுழலுக்குப் பதில் வேறு பிழைகள் வரும். 521 என்றால் சர்வர் இணைப்பையே மறுக்கிறது. 443ஆம் போர்ட் மூடியிருக்கலாம். 525 என்றால் எஸ்எஸ்எல் கைகுலுக்கல் தோற்றது. 526 என்றால் சான்றிதழ் செல்லாது. எண்ணைப் பார்த்தாலே எங்கே தடை என்று தெரிந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இவ்வளவுதான். ஆனால் காரணம் வேறாக இருந்தும் இதே பிழைப்பக்கத்தைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அதனால் காரணத்தைக் கண்டறியும் முறையையும் சொல்கிறேன்.

சுழலை உலாவியில் ஆராயாதீர்கள். 301 என்பது நிரந்தரத் திருப்பம்; உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் சர்வரில் சரிசெய்த பிறகும் பழைய பதிலையே பின்பற்றி உங்களைக் குழப்பும். கட்டளை வரியிலிருந்து ஒரு முகவரியைக் கேட்டுப் பதிலைக் காட்டும் கர்ல் கட்டளைக்கு அந்த நினைவு கிடையாது. தலைவரிகளை, அதாவது பதிலோடு வரும் ஹெடர்களை, மட்டும் கேட்கும் விருப்பத்தோடு அதை இயக்குங்கள். திருப்பங்களைத் தானாகப் பின்தொடரும் விருப்பத்தை முதலில் சேர்க்காதீர்கள். ஒரு படி, அதன் பதில், அடுத்த படி என்று நீங்களே நடந்து பாருங்கள். ஒவ்வொரு பதிலிலும் மூன்று விஷயங்கள் தேவை: நிலை எண், "லொகேஷன்" வரியில் உள்ள முகவரி, அந்தப் பதிலை அனுப்பியது யார் என்று காட்டும் வரிகள்.

அந்த லொகேஷன் வரியே பாதி நோயைச் சொல்லிவிடும். எச்டிடிபிஎஸ் முகவரியைக் கேட்டு, எழுத்துக்கு எழுத்து அதே முகவரிக்குப் போகச் சொன்னால், பின்னால் உள்ள ஏதோ ஒரு சர்வருக்கு இணைப்பு பாதுகாப்பானது என்று தெரியவில்லை. உங்களுடையது இந்த வகை. எச்டிடிபிஎஸ்ஸைக் கேட்டால் எச்டிடிபிக்கும், எச்டிடிபியைக் கேட்டால் எச்டிடிபிஎஸ்ஸுக்கும் மாறி மாறி அனுப்பினால், எதிரெதிரான இரண்டு விதிகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. மூன்று டபிள்யூ முன்னொட்டு ஒரு பதிலில் சேர்ந்து அடுத்ததில் நீங்கினால், சண்டை நெறிமுறையைப் பற்றியதே அல்ல, பெயரைப் பற்றியது. இந்த மூன்றாவது வகையில் எச்டிடிபிஎஸ் விதியைக் குற்றம் சொல்லிப் பல மணி நேரம் வீணாகும். ஏனென்றால் இரண்டு மாற்றங்களையும் ஒரே நாளில் செய்திருப்பார்கள்.

அனுப்பியவரைக் கண்டுபிடிக்க வேர்ட்பிரஸ் ஒரு நல்ல உதவி செய்கிறது. 2019இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து, தானே திருப்பும்போது "எக்ஸ்-ரீடைரக்ட்-பை" என்ற ஹெடரில் தன் பெயரை எழுதிவிடுகிறது. சில பிளகின்களும் அதே ஹெடரில் தங்கள் பெயரைப் போடுகின்றன. அந்த வரி இருந்தால் ஹெச்டிஅக்சஸில் தேடுவதை நிறுத்திவிட்டு வேர்ட்பிரஸ்ஸுக்குள் தேடுங்கள். அது இல்லாத வெறும் 301 என்றால் பெரும்பாலும் அப்பாச்சி, அதைப் போன்ற இன்னொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் அல்லது முன்னால் உள்ள சேவை.

அடுத்த கட்டம், முன்னால் இருப்பவரைத் தாண்டி உங்கள் சர்வரையே நேரடியாகக் கேட்பது. கர்லில் "ரிசால்வ்" என்ற விருப்பம் உண்டு. இந்தப் பெயருக்கு, இந்தப் போர்ட்டுக்கு, இந்த ஐபி முகவரி என்று நீங்களே சொல்லிவிடலாம். டிஎன்எஸ்ஸைத் தொட வேண்டியதில்லை. நேரடியாகக் கேட்டால் 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது), முன்வாசலான கிளவுட்ஃப்ளேர் வழியாகக் கேட்டால் 301 என்று வந்தால், முன்வாசலுக்கும் சர்வருக்கும் இடையில்தான் பிரச்சினை. இரண்டிலும் 301 வந்தால் பிரச்சினை சர்வருக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒரு சோதனை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். இதைச் செய்யாமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, சரியாக இருந்தவற்றையும் கெடுப்பதில்தான் முடியும்.

இனி, உண்மையிலேயே பின்னால் எச்டிடிபியில் பேச வேண்டிய நிலை. வருகைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்ஸர், டாக்கர் பெட்டிகளுக்கு முன் நிற்கும் என்ஜின்எக்ஸ், ஹெரோக்கு போன்ற தளங்கள் ஆகியவற்றில் மறையாக்கம் முன்வாசலிலேயே முடிந்து, உள்வலைக்குள் வெறும் எச்டிடிபிதான் ஓடும். இங்கே பயன்படுவது "எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ" என்ற ஹெடர். வாசகர் எந்த நெறிமுறையில் வந்தார் என்பதை முன்வாசல் அதில் எழுதி உள்ளே அனுப்பும். கிளவுட்ஃப்ளேர், அமேசானின் லோட் பேலன்ஸரான ஏஎல்பி, ஹெரோக்கு எல்லாம் இதை அனுப்புகின்றன. உள்ளே இருக்கும் விதி தன் போர்ட்டைப் பார்க்காமல் இந்த ஹெடரைப் பார்க்க வேண்டும். அப்பாச்சியில் "எச்டிடிபிஎஸ் ஆஃப்" என்று சோதிக்கும் ரீரைட்காண்ட் வரியை, இந்த ஹெடரின் மதிப்பு எச்டிடிபிஎஸ் அல்லாதபோது மட்டும் திருப்பும்படி மாற்றினால் போதும்.

ஆனால் விதியை மட்டும் மாற்றினால் சர்வர் திருந்தும், வேர்ட்பிரஸ் திருந்தாது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலரை அலைக்கழிப்பது இதுதான். ஹெச்டிஅக்சஸில் ஒரு வரியும் இல்லை, முகப்புப் பக்கம் நன்றாகத் திறக்கிறது, நிர்வாகப் பக்கம் மட்டும் சுழல்கிறது. காரணம் இது: பொது அமைப்புகளில் தள முகவரியை எச்டிடிபிஎஸ் என்று மாற்றிய கணத்திலிருந்து, நிர்வாகப் பகுதிக்கும் நுழைவுப் பக்கத்துக்கும் எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்று வேர்ட்பிரஸ் தானாகவே எடுத்துக்கொள்கிறது. இணைப்பு பாதுகாப்பானதா என்று அறிய அது பார்ப்பது இரண்டே இடங்கள். பிஎச்பியின் சர்வர் மாறிகளில் "எச்டிடிபிஎஸ்" என்பது "ஆன்" அல்லது 1 என்று இருக்கிறதா? சர்வர் போர்ட் 443 ஆக இருக்கிறதா? எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரை அது தானாகப் பார்ப்பதே இல்லை. முன்வாசல் எவ்வளவு நேர்மையாகச் சொல்லி அனுப்பினாலும் கேட்க ஆளில்லை.

ஆகவே நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில், அந்த ஹெடரின் மதிப்பில் எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் சர்வர் மாறியான எச்டிடிபிஎஸ்ஸை "ஆன்" என்று வைக்கும்படி ஓர் இஃப் கட்டளையை எழுதுங்கள். எங்கே எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். டபிள்யூபி-செட்டிங்ஸ் கோப்பை அழைக்கும் வரி கோப்பின் கடைசியில் இருக்கும். அதற்கு மேலே எழுத வேண்டும். கீழே எழுதினால், வேர்ட்பிரஸ் முடிவெடுத்து முடித்த பிறகு அதனிடம் சொன்னதாகிவிடும். இடையில் இரண்டு ப்ராக்ஸிகள் (கிளவுட்ஃப்ளேர் போல நடுவில் நிற்கும் சர்வர்கள்) இருந்தால் ஹெடரில் இரண்டு மதிப்புகள் காற்புள்ளியோடு வரக்கூடும். ஒரே சொல்லாக ஒப்பிட்டால் அங்கே தவறிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

முகவரியைத் தவறாக மாற்றி நிர்வாகப் பக்கத்துக்குள்ளேயே நுழைய முடியாமல் போனால் பயப்பட வேண்டாம். அதே டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டபிள்யூபி-ஹோம், டபிள்யூபி-சைட்யூஆர்எல் என்ற இரண்டு மாறிலிகளுக்கும் சரியான முகவரியைக் கொடுத்தால், தரவுத்தளத்தில் என்ன இருந்தாலும் அவையே செல்லும். ஒரு பிளகின்தான் திருப்புகிறது என்று சந்தேகம் இருந்தால், கோப்பு மேலாளரில் அதன் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் அதை முடக்கிவிடும்.

வேறு மென்பொருள்களிலும் நோய் இதுதான், மருந்தின் பெயர்தான் மாறும். ஜாங்கோவில் "செக்யூர் எஸ்எஸ்எல் ரீடைரக்ட்" அமைப்பை இயக்கியவர்கள் "செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர்" என்பதையும் சேர்த்தே அமைக்க வேண்டும். ஒன்றை மட்டும் இயக்கினால் ப்ராக்ஸிக்குப் பின்னால் சுழல் நிச்சயம். எக்ஸ்பிரஸில் "டிரஸ்ட் ப்ராக்ஸி". லாராவெல்லில் நம்பத்தக்க ப்ராக்ஸிகளைக் குறிப்பிடும் மிடில்வேர். ரெயில்ஸில் "ஃபோர்ஸ் எஸ்எஸ்எல்" அமைப்போடு, ஹெடரை அனுப்பாத ப்ராக்ஸிகளுக்காக 7.1 பதிப்பில் வந்த "அஸ்யூம் எஸ்எஸ்எல்".

இந்த ஹெடரை நம்பச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். உங்கள் சர்வரின் ஐபி முகவரி தெரிந்த எவரும் 80ஆம் போர்ட்டுக்கு நேரடியாக வந்து, "நான் எச்டிடிபிஎஸ்ஸில் வந்தேன்" என்று பொய் சொல்ல முடியும். பயன்பாடு அதை நம்பிவிடும். அதனால் முன்வாசலின் ஐபி வரம்புகளிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும் தீச்சுவர் ஏற்க வேண்டும். கிளவுட்ஃப்ளேர் தன் வரம்புகளை வெளிப்படையாகவே பட்டியலிடுகிறது. சொந்த என்ஜின்எக்ஸ் முன்னால் நின்றால், வெளியிலிருந்து வரும் அந்த ஹெடரை அழித்துவிட்டுத் தன் மதிப்பை எழுத வேண்டும்.

ஆனால் இதே நல்ல பழக்கம் இரண்டாம் அடுக்கில் கேடாகிவிடும். லோட் பேலன்ஸர், அதன் பின்னால் என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் பயன்பாடு என்று மூன்று அடுக்குகள் இருப்பதாக வையுங்கள். என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடருக்கு "ஸ்கீம்" மாறியின் மதிப்பை, அதாவது தனக்கு வந்த இணைப்பின் நெறிமுறையை, கொடுக்கும் வரி பல மாதிரி அமைப்புகளில் இருக்கும். பலரும் அதை அப்படியே ஒட்டுகிறார்கள். நடுவில் நிற்கும் என்ஜின்எக்ஸுக்கு ஸ்கீம் எப்போதும் எச்டிடிபிதான். லோட் பேலன்ஸர் எழுதி அனுப்பிய எச்டிடிபிஎஸ்ஸை அழித்து, எச்டிடிபி என்று எழுதிவிடும். பயன்பாடு திருப்பும், சுழல் தொடங்கும். நடு அடுக்கில் மேப் கட்டளையைப் பயன்படுத்தி, வந்த ஹெடர் இருந்தால் அதையே கடத்துங்கள்; இல்லாவிட்டால் மட்டும் ஸ்கீமை எழுதுங்கள். எல்லா அமைப்புகளும் சரியாக இருப்பது போலத் தெரிந்தும் சுழல் நிற்கவில்லை என்றால் நான் முதலில் பார்க்கும் வரி இதுதான்.

என்ஜின்எக்ஸைப் பற்றிப் பேசும்போது ஒன்று: 80, 443 இரண்டையும் கேட்கும் ஒரே சர்வர் பகுதிக்குள் நிபந்தனை இல்லாமல் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும் வரியை வைத்தால், ப்ராக்ஸி எதுவும் இல்லாமலேயே சுழலும். 80க்குத் தனிப் பகுதி எழுதி, திருப்பும் வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள்.

மிகவும் குழப்பக்கூடிய சுழல், வந்து வந்து போவது. காலையில் தளம் திறக்கும், பகலில் சுழலும், யாரும் எதையும் தொடாமலே மறுபடி சரியாகும். அல்லது ஒரு பக்கம் மட்டும் சுழலும். இடையில், பக்கங்களைச் சேமித்து வைத்துத் திருப்பித் தரும் வார்னிஷ் போன்ற கேஷ் இருக்கிறதா என்று பாருங்கள். வார்னிஷ் இயல்பாக ஒரு பக்கத்தை அடையாளம் காண்பது தளப் பெயரையும் முகவரிப் பாதையையும் வைத்து. நெறிமுறை அந்த அடையாளத்தில் சேராது. எச்டிடிபியில் ஒருவர் வருகிறார், பயன்பாடு முறையாக 301 தருகிறது, வார்னிஷ் அந்த 301ஐச் சேமித்துக்கொள்கிறது. அவர் எச்டிடிபிஎஸ்ஸில் திரும்பி வந்ததும், வார்னிஷ் சேமித்த அதே 301ஐ அவர் கையில் கொடுக்கிறது. சேமிப்பின் ஆயுள் முடியும் வரை அந்தப் பக்கம் எல்லோருக்கும் சுழலும். ஆயுள் முடிந்த பிறகு முதலில் வருபவர் எச்டிடிபிஎஸ்ஸில் வந்தால் நல்ல பக்கம் சேமிக்கப்படும். எச்டிடிபியில் வந்தால் மறுபடி சுழல். எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோவையும் கேஷின் ஹேஷில், அதாவது அந்தப் பக்க அடையாளத்தில், சேருங்கள், அல்லது பயன்பாடு தன் பதிலில் "வேரி" ஹெடர் வழியாக அந்த ஹெடரைக் குறிப்பிடட்டும். இன்னும் நல்லது, கேஷுக்கு முன்னாலேயே திருப்பத்தை முடித்துவிடுவது.

எங்கே திருப்புவது என்ற கேள்விக்கு என் பதில் அதுதான்: வாசகருக்கு மிக அருகில் உள்ள அடுக்கில், ஒரே ஓர் இடத்தில். ஹோஸ்டிங் பலகையில் ஒரு "ஃபோர்ஸ் எச்டிடிபிஎஸ்" பொத்தான், ஹெச்டிஅக்சஸில் ஒரு விதி, ஒரு பிளகின், கிளவுட்ஃப்ளேரில் ஒரு விதி என்று நான்கும் இயங்கும் தளங்கள் உண்டு. நான்கும் ஒத்துப்போகும் வரை பிரச்சினை தெரியாது. ஒன்றை மாற்றும் நாளில்தான் தெரியும். மூன்று டபிள்யூ வேண்டுமா வேண்டாமா என்ற முடிவையும் அதே இடத்தில் எடுத்து, வேர்ட்பிரஸ்ஸில் உள்ள தள முகவரியும் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கிளவுட்ஃப்ளேரில் மூன்று டபிள்யூவை நீக்கும் விதி இருந்து, வேர்ட்பிரஸ் முகவரியில் அது இருந்தால், இரண்டும் ஓயாமல் மோதும். ஹெச்டிஅக்சஸிலேயே விதியை வைக்க விரும்பினால் "பிகின் வேர்ட்பிரஸ்" என்ற குறிப்புக்கு மேலே வையுங்கள். அதற்கும் "எண்ட் வேர்ட்பிரஸ்" குறிப்புக்கும் நடுவில் எழுதியதை வேர்ட்பிரஸ் ஒருநாள் அழித்து எழுதிவிடும்.

சோதித்துப் பார்க்கும் காலத்தில் 301க்குப் பதில் 302 பயன்படுத்துங்கள். எல்லாம் நிலைபெற்ற பிறகு 301ஆக மாற்றலாம். படிவங்களையோ ஏபிஐ அழைப்புகளையோ திருப்ப நேர்ந்தால் 308 பொருத்தமானது. 301ஐப் பெற்ற உலாவி போஸ்ட் கோரிக்கையைக் கெட் கோரிக்கையாக மாற்றி, அனுப்பிய தரவைக் கைவிட்டுவிடும், 308இல் அப்படி நடக்காது.

எச்எஸ்டிஎஸ் ஹெடரை இந்தக் கட்டத்தில் தொடவே தொடாதீர்கள். "இந்தத் தளத்துக்கு இனி எச்டிடிபிஎஸ் மட்டுமே" என்று உலாவிக்குச் சொல்லும் ஹெடர் அது, 2012இல் தரப்படுத்தப்பட்டது. அதைப் பெற்ற உலாவி, எச்டிடிபி முகவரியைச் சர்வரிடம் கேட்பதற்கு முன்பே தானாக மாற்றிக்கொள்ளும். க்ரோமின் நெட்வொர்க் பலகையில் அது 307 உள்திருப்பமாகத் தெரியும். உங்கள் சர்வரில் எங்கோ ஒரு விதி எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து எச்டிடிபிக்குத் தள்ளினால், உலாவி மறுபடி எச்டிடிபிஎஸ்ஸாக்கும். இந்தச் சுழலை நீங்கள் கர்லில் பார்க்கவே மாட்டீர்கள், ஏனென்றால் கர்லுக்கு அந்த ஹெடர் இயல்பாக நினைவில் இருக்காது. உலாவியில் சுழல், கர்லில் இல்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். க்ரோமின் நெட்-இன்டர்னல்ஸ் பக்கத்தில் தளத்தின் பெயரைக் கொடுத்து அந்த நினைவை நீக்கலாம். ஆனால் அது உங்கள் கணினியில் மட்டும். வாடிக்கையாளர்களின் உலாவிகளில் நீக்க, எச்டிடிபிஎஸ் வழியாகவே அந்த ஹெடரில் மேக்ஸ்-ஏஜ் (நினைவில் வைக்கும் காலம்) 0 என்று அனுப்ப வேண்டும், அவர்களும் மறுபடி வர வேண்டும். எல்லாம் சரியான பிறகு 300 வினாடி என்று தொடங்கி, சிக்கல் இல்லை என்று கண்ட பிறகு 31536000 வினாடிக்கு, அதாவது ஓர் ஆண்டுக்கு, உயர்த்துங்கள். ப்ரீலோட் பட்டியலில், அதாவது எச்டிடிபிஎஸ் மட்டுமே என்று உலாவிகளுக்குள்ளேயே முன்கூட்டிப் பதிக்கப்படும் தளங்களின் பட்டியலில், தளத்தைச் சேர்ப்பதற்கு அவசரமே வேண்டாம். அதிலிருந்து வெளியே வர மாதங்கள் ஆகும்.

சுழல் போலவே தோன்றி, சுழல் அல்லாத ஒன்று உண்டு. நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல் கொடுத்ததும் மறுபடி நுழைவுப் பக்கமே வருகிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. இங்கே திருப்ப விதிகள் சரி. நீங்கள் நுழைந்துவிட்டீர்கள் என்பதை நினைவில் வைக்கும் அமர்வுக் குக்கிதான் வந்து சேரவில்லை. எக்ஸ்பிரஸ்-செஷனில் குக்கியைச் "செக்யூர்" என்று குறித்து, டிரஸ்ட் ப்ராக்ஸியை அமைக்காமல் விட்டால், இணைப்பு பாதுகாப்பற்றது என்று நினைத்து அது குக்கியை அனுப்புவதே இல்லை. வேர் மறுபடியும் அதே இரண்டு இணைப்புகள்தான். அமேசான் ஏஎல்பி பயன்படுத்துபவர்களுக்கும் ஒரு குறிப்பு: பின்னால் உள்ள சர்வர் இயங்குகிறதா என்று பார்க்கும் அதன் உடல்நலச் சோதனை இயல்பாக 200ஐ மட்டுமே ஏற்கும். எல்லாவற்றையும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும் பயன்பாடு அந்தச் சோதனைக்கும் 301 கொடுத்தால், நல்ல சர்வரையே நோயாளி என்று ஒதுக்கிவிடும். சோதனை முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

சான்றிதழ் புதுப்பிப்பையும் மறக்கக் கூடாது. லெட்ஸ் என்க்ரிப்ட் எச்டிடிபி வழியில் சரிபார்க்கும்போது திருப்பங்களைப் பின்தொடரும். ஆனால் 10 திருப்பங்களோடு நிறுத்திக்கொள்ளும். எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஒருமுறை திருப்புவதால் அதற்குத் தடை இல்லை. சுழல் இருந்தால் புதுப்பிப்பு தோற்கும். யாரும் அதிகம் திறக்காத துணைத்தளம் ஒன்றில் சுழல் இருப்பதே பல நேரம் சான்றிதழ் காலாவதியாகும்போதுதான் தெரியவருகிறது. அதனால் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மூன்று டபிள்யூவோடு, அது இல்லாமல் என்ற நான்கு முகவரிகளையும், ஒவ்வொரு துணைத்தளத்தையும், நிர்வாகப் பக்கத்தையும் கர்லில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். எல்லாத் தள முகவரிகளும் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே முகவரியில் 200 என்று முடிய வேண்டும்; நிர்வாகப் பக்கம் நுழைவுப் பக்கத்துக்குப் போய் அங்கே 200 தர வேண்டும்.

உங்கள் தளத்தில் ஃபுல் ஸ்ட்ரிக்ட்டுக்கு மாறிய பிறகும் சுழல் நிற்கவில்லை என்றால், கர்லில் முதல் இரண்டு பதில்களின் தலைவரிகளை முழுமையாக அனுப்புங்கள். நிலை எண், லொகேஷன், சர்வர், எக்ஸ்-ரீடைரக்ட்-பை ஆகிய வரிகள் இருந்தால் போதும். எந்த அடுக்கு திருப்புகிறது என்று அதிலேயே சொல்லிவிட முடியும். குக்கி வரிகளை மட்டும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.